கேட்காமல் எடுத்த அறை

அந்த அக்காவோடு வெளியே போவதென்றால் எனக்குக் கூச்சமாக இருக்கும். எதையும் கேட்டுவிடுவார். வரதராஜர் கோயிலில் முழ நீள இட்லியை வெட்டித் தருகிறவரிடம், "நடுவுல இருந்து குடுங்க சாமி, ஓரம் காஞ்சி போயிருக்குது" என்பார். கண்டக்டரிடம், "பூக்கடைகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஸ்டாப்பிங் இல்லன்னு எனக்கும் தெரியும்" என்பார். அதில் கெஞ்சல் இருக்காது, அதட்டலும் இருக்காது. மணி என்ன என்று கேட்பதுபோல இருக்கும். கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டு எதிரே இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்பதைத் தாங்க முடியாமலே பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லன்னு சொல்ல அவங்களுக்கு வாய் இருக்குது. கேக்க எனக்கு வாய் இருக்குது. இதுல வெக்கம் எங்கருந்துமா வந்துது?"

அவர் காஞ்சிபுரத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் இருவரும் வேலை பார்த்தோம். நான் சேலை விரித்துக் காட்டுகிற பிரிவு. அக்கா என்னைவிட மூத்தவர். வெளியூரில் கடை நடத்தும் கண்காட்சி விற்பனைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கடையில் எங்களுக்கு உட்கார இடம் கிடையாது. காலையில் நின்றால் கடை சாத்தும்வரை நின்றபடிதான். அக்கா முதலாளியிடம் போய், "பொம்பளைங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் குடுங்க" என்றார். முடியாது என்றார் முதலாளி. மறுநாளும் போய் அதே வார்த்தைகளில் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்டூல்கள் வந்து இறங்கின. அக்கா நன்றிகூடச் சொல்லவில்லை. ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கால் ஆடுது, மாத்திக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

ஓட்டல் பாயிண்ட் விஷயமும் இப்படிக் கேட்டு வந்ததுதான். ஐதராபாத், பெங்களூர், டெல்லி என்று பெரிய ஓட்டல்களின் ஹாலை வாடகைக்கு எடுத்து எங்கள் கடை சேலை விற்கும். பகல் முழுக்க அந்த ஓட்டலின் கண்ணாடி விளக்குகளுக்குக் கீழே நிற்போம். இரவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்துக்கொள்வோம். ஐதராபாத்தில் ஒருநாள் அக்கா வரவேற்பு மேஜைக்குப் போனார்.

"இங்க தங்கறவங்களுக்கு என்னமோ பாயிண்ட் குடுக்கறீங்களாமே. நாங்க ஹாலுக்கு அவ்ளோ வாடகை கட்டுறோம். எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

அங்கிருந்த பெண் கணினியில் தேடிப் பார்த்தாள். நிகழ்ச்சிக்கு ஹால் பதிவு செய்கிறவருக்கும் பாயிண்ட் உண்டு, அவர் உறுப்பினராகச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அக்கா போனில் முதலாளியைக் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உன் பேர்லயே போட்டுக்கம்மா" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு கண்காட்சிக்கும் அக்காவின் கணக்கில் பாயிண்ட் ஏறியது. அந்த ஓட்டல்காரர்களுக்கு ஊர் ஊராக ஓட்டல்கள் உண்டு, காசுக்குப் பதில் பாயிண்டைக் கொடுத்து எதில் வேண்டுமானாலும் தங்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் செல்போனை நீட்டுவார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து படம் பார்ப்போம். மும்பையில் கடலைப் பார்த்த அறை. உதய்ப்பூரில் ஏரிக்கரையில் ஒன்று. "எப்பக்கா போவீங்க?" என்று கேட்டால், "இவரு வர மாட்டன்றாரும்மா. ஷூ போட்டுக்கினு போற எடம், நமக்கு எதுக்குன்றாரு" என்பார்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு நேர் எதிர். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடக் கேட்டு வாங்க மாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் பல வருடங்களாகக் குடியிருந்தார்கள். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம்.

மாமாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே அது முற்றிப் போயிருந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. பிறகு ஒருநாள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று அக்கா டாக்டரிடம் கேட்டிருக்கிறார். அவர் கடவுளைக் கை காட்டியிருக்கிறார். அக்கா நகராமல் நின்றிருக்கிறார். கடைசியில் டாக்டர், "ஒரு வாரம் போனா பெருசு" என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது.

அந்த வாரம் கடை மொட்டை மாடியில் அக்கா சென்னை ஓட்டல்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருந்தார். மாமாவை ஒரு நல்ல இடத்தில் நாலு நாள் வைத்திருக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"கிழக்குக் கடற்கரை ரோட்டுல இருக்கே, அது நல்லா இருக்கும்கா. ரூம்ல இருந்தே கடல் தெரியும்."

"கடல் நல்லாதான் இருக்கும். ஆஸ்பத்திரி தூரம். டாக்டர் அவ்ளோ தூரம் வர மாட்டாரு."

விமான நிலையம் பக்கத்தில் இருந்தது வேண்டாம் என்றார், ஜன்னல் உயரமாம், படுத்தபடி பார்த்தால் வெளியே தெரியாதாம். எழும்பூர்ப் பக்கம் ஒன்று மிஞ்சியது. அங்கே அவர் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. வாசலில் படி உண்டா? குளியலறைக் கதவில் வீல்சேர் நுழையுமா? உப்பில்லாத கஞ்சி காய்ச்சித் தருவீர்களா? நாலு ராத்திரிக்குப் பாயிண்ட் கொடுத்தால் அஞ்சாவது ராத்திரி இலவசமாமே, அது உங்களிடம் உண்டா? கடைசியாக, "லிஃப்ட்ல ஒருத்தர படுக்க வெச்சபடி ஏத்தி எறக்க முடியுமா?" என்று கேட்டார். மாமாவால் உட்கார முடியாமல் போனால் என்று கேட்கிறார் என நினைத்தேன். துணைக்கு ஆள் வேண்டும் என்றார். லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். சால்வையும் குல்லாவுமாக வீல்சேரில் சுருண்டிருந்த மாமாவைப் பார்த்து வரவேற்பில் இருந்த பெண், "சாருக்கு உடம்பு சரியில்லையா மேடம்?" என்றாள்.

"ஆமா. பக்கத்து ஆஸ்பத்திரிலதான் பாக்கறோம்" என்றார் அக்கா. பிறகு லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேட்டார். எனக்கு ஒரு கட்டில் கேட்டார். உறுப்பினர்களுக்குக் காலியிருந்தால் பெரிய அறை தருவார்களாமே என்று கேட்டுவிட்டு நின்றார். பெரிய அறையே கிடைத்தது.

சுவரில் பாதிக்கு ஜன்னல். கட்டிலை அதன் பக்கமாகத் தள்ளிப் போடச் சொன்னார் அக்கா. கீழே நாலு ரோடு சேரும் இடம். மாமா அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அந்த பஸ்காரனப் பாரு, கையும் காட்டல, லைட்டும் போடல, திரும்பறான்."

மூன்று மாதத்தில் அவர் தானாகப் பேசி நான் கேட்டது அதுதான். சாயங்காலம் தயிர் சாதம் வந்தது. அதன்மேல் மாதுளை முத்துகள் தூவியிருந்தார்கள். மாமா ஒரு முத்தை விரலால் எடுத்து அக்காவிடம் காட்டிச் சிரித்தார். இரண்டு வாய் சாப்பிட்டார்.

சனிக்கிழமை அக்காவுக்கு ஒரு போன் வந்தது. அவர் அறைக்கு வெளியே போய்ப் பேசினார். தண்ணீர் பிடிக்கப் போன நான் கேட்க நேர்ந்தது.

"நீங்க கவலப்படாதீங்க. எது நடந்தாலும் அங்க கொண்டாற மாட்டோம். சொன்னா சொன்னதுதான்."

யார் என்று கேட்டேன். ஹவுஸ் ஓனர் என்றார். நடைபாதையில் கிடந்த சோபாவில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். ஹவுஸ் ஓனரின் ஒரே பெண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கல்யாணம் நின்றுபோகும். ஆகவே வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று ஹவுஸ் ஓனர் மாடிக்கு வந்து அழுதிருக்கிறார்.

"பத்து நாள் டைம் குடுங்கன்னு கேட்டன். கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆஸ்பத்திரிய கேட்டன். படுக்க வெச்சிக்கறோம், ஒரு நாளைக்கு இவ்ளோ ஆகும்னாங்க. அந்தக் காசுக்கு நான் எங்க போவேன்? அதுவும் இல்லாம இவரு இத்தினி வருஷத்துல எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ஆஸ்பத்திரில சாவ வாணாம்னு."

லிஃப்ட் கேள்வி அப்போதுதான் புரிந்தது. படுக்க வைத்து ஏற்றுவதற்காக அவர் அதைக் கேட்கவில்லை.

"அப்ப இங்கயாக்கா?" என்றேன்.

"இங்கதான்."

"ஓட்டல்காரங்களுக்குத் தெரியுமா?"

"கேக்கல."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. மெத்தென்ற தரைவிரிப்பு, எங்கோ மெதுவாக ஓடும் பாட்டு, பூ ஜாடி. இதற்கு நடுவில் ஒரு சாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்து, யாராவது வருகிறார்களா என்று இரு பக்கமும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கலாமே என்றேன். "உன் மாமியாரு ஒத்துக்குவாங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மருந்து வாங்கப் போயிருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார். குரல் மிகவும் இறங்கிவிட்டிருந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கல்யாணம் என்னைக்கு?"

எந்தக் கல்யாணம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வியாழக்கிழமை என்றேன்.

"அந்தப் பொண்ண எல்.கே.ஜி.லருந்து நான்தான் கொண்டு வுட்டன். பிளஸ் டூ வரைக்கும். முன் சீட்டு வேணும்னு அழும். கல்யாணத்தப் பாக்கணும்னு இருந்தன்." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "நல்லதாப் போச்சி, இங்க வந்தது. அதுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அக்கா திரும்பி வந்ததும் அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அக்கா மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை காலை, வெயில் கட்டில்வரை வந்திருந்த நேரத்தில், மாமாவின் மூச்சு நின்றது. சத்தமே இல்லை. அக்கா அவர் கண்ணை மூடினார், தாடையை ஒரு வெள்ளைத் துண்டால் கட்டினார். டாக்டரைக் கூப்பிட்டார். பத்து நிமிட தூரத்தில் இருந்தவர், வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதித் தந்தார். அதன்பிறகு அக்கா அறைப் போனை எடுத்து, "என் வீட்டுக்காரர் இறந்துட்டாரு. மேனேஜர வரச் சொல்லுங்க" என்றார்.

வந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர். கோட்டு போட்டிருந்தார். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. முறைப்படி போலீசுக்குச் சொன்னார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து டாக்டரிடம் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பிடியிலேயே சொன்னேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "கேட்டிருந்தா ரூம் குடுத்திருப்பீங்களா?"

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. "குடுத்திருக்க மாட்டோம் மேடம்" என்றார்.

"அதான் கேக்கல."

பிறகு அக்கா, வந்த வாசல் வழியாகவே அவரைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். வழக்கம்போல நின்றார். மேனேஜர் கண்ணில் நீர் தளும்பியது, ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார். கீழே ஒரு கம்பெனிக் கூட்டம் நடக்கிறது, நூற்றுக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள், தன் வேலையே போய்விடும் என்றார். மறுபடி கேட்பார் என்று பார்த்தேன். "சரிப்பா" என்று விட்டுவிட்டார். சாமான் ஏற்றும் லிஃப்டில், மாமாவைப் படுக்க வைத்தபடி இறக்கினோம். காய்கறிக் கூடைகள் அடுக்கியிருந்த பின்வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அந்த மேனேஜர் கடைசிவரை ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தும்போது என்ன சொல்வதென்று தெரியாமல், "மீதி நாளுக்கான பாயிண்ட் திரும்பி வந்துடும் மேடம்" என்றார்.

"வரட்டும்" என்றார் அக்கா.

நேராகக் காஞ்சிபுரம் சுடுகாட்டுக்கே போனோம். கடை ஆட்கள் சிலரும் வேன் டிரைவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். சாயங்காலம் எல்லாம் முடிந்தது. அக்காவை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாமியாரிடம் நானும் கேட்கவில்லை. அவர் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய் அக்கா குளிக்கத் தண்ணீர் காய்ச்ச வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் ஹவுஸ் ஓனர் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே கும்பிட்டார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னைப் பாவின்னு நெனைக்காதம்மா. நீ செஞ்சதுக்கு நான் இன்னா பண்ணப் போறேன்? எது வேணும்னாலும் கேளு. வாடகை வாணாம். எத்தினி வருஷம் வேணும்னாலும் இரு."

அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். "எனக்கு நீங்க பத்திரிகை வெக்கல. வெய்யுங்க" என்றார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. புருஷன் செத்து மறுநாள், கல்யாணப் பத்திரிகை கேட்கிறார்.

"அம்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க..."

"பதினாலு வருஷம் அந்தப் பொண்ண கொண்டு வுட்டு கூட்டியாந்தவரு. கல்யாணத்தப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவருக்காக ஒருத்தர் வந்து உக்கார வாணாமா?"

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹவுஸ் ஓனர் தலையைக் குனிந்துகொண்டே தெருவில் இறங்கிப் போனார். "நீ கேட்டது நியாயமே இல்லம்மா" என்று என் மாமியார் அக்காவிடம் நேராகவே சொன்னார். அக்கா மறுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அந்தப் பெண்ணே வந்தாள். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தில் அப்படியே இருந்தது. பின்னால் வண்டியில் அவளுடைய அம்மா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நேத்துதான் தெரியும் ஆன்ட்டி. யாரும் எங்கிட்ட சொல்லல." அழுதுகொண்டே பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினாள். "வேன் மாமா பேர்தான் எழுதியிருக்கறேன்."

அக்கா வாங்கிப் பார்த்தார். அன்றுதான் அவர் முதன்முதலாக அழுதார்.

வியாழக்கிழமை அக்காவோடு நானும் மண்டபத்துக்குப் போனேன். போகாமல் இருந்துவிட முடியுமா என்று கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தேன். அக்கா அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தார். கருமாதி ஆகவில்லை, அதனால் கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டும் அப்படியே இருந்தன. விஷயம் தெரிந்தவர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நாங்கள் போய் உட்கார்ந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் போனார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா மணமேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்காகவும் சேர்த்துப் பார்ப்பதுபோல.

கெட்டி மேளத்துக்கு முன்னால் அட்சதைத் தட்டு வந்தது. ஹவுஸ் ஓனரே அதைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். எங்கள் வரிசையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் அக்காவின் முன்னால் வந்து நின்றார். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் உட்பட. தட்டில் இருந்த அரிசி ஓரமாகச் சரிந்தது.

அவர் குனிந்து தட்டை நீட்டினார்.

அக்கா ஒரு கையால் அள்ளினார். பிறகு மறு கையாலும் அள்ளினார்.